நாலாம் அறை நாற்காலி

மனிதக் காது ஒன்றின் விலை ஒன்பது லட்சம் ரூபாய். இடதானாலும் வலதானாலும் அதே விலை, பேரம் கிடையாது. ஆறு லட்சம் அறுவை முடிந்த அன்றைக்கே கையில். மீதி மூன்று, ஓராண்டு கழித்து, மிச்சமிருக்கும் காது பழுதில்லாமல் கேட்கிறது என்று சான்று வந்த பிறகு. கம்மலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அது விலையில் சேர்த்தி இல்லை. அவர்கள் எடுப்பது வெளியே தெரிகிற மடலை அல்ல. உள்ளே பட்டாணி அளவில் ஒரு நத்தைக்கூடு. அதற்குள் பதினைந்தாயிரம் மயிரணுக்கள். போனால் முளைக்காத அந்தப் பயிரை நாற்றுப்போல் பிடுங்கி, அறுபது லட்சம் கொடுத்தவர் காதில் நட்டுவிடுகிறார்கள். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இருக்கிற தூரத்தைக் கண்டால், கந்துவட்டிக்காரன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

சுடர்க்கொடி இந்த விலையை முதலில் பார்த்தது கல்லூரிக் கையேட்டில். அதில் விலை என்று போட்டிருக்கவில்லை, 'நன்றித்தொகை' என்று போட்டிருந்தது. விற்பவனுக்குக் 'கொடையாளர்' என்று பெயர். அப்போதே கையேட்டை மூடிவைத்தாள். விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருக்கும் அருஞ்சுனையின் மகள் அவள். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். விலையை விலை என்று சொல்லக் கூசுகிறவன் சரக்கில் சொத்தை இருக்கும் என்பது, மண்டியில் கல்லாவுக்கு வரும் முன்பே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம்.

இருந்தும் சேர்ந்தாள். இளநிலைப் பட்டம் முடித்துப் பதிவெண்ணும் வாங்கிவிட்டாள். ஆனால் செவித்திறன் நிபுணர் என்று பலகை மாட்டி நாலு பேர் மதிக்க வேண்டுமானால் முதுநிலை வேண்டும். அந்தப் படிப்புக்குச் சென்னையின் தெற்குப் புறநகரில் இருந்த இந்தக் கல்லூரிதான் பெயர்பெற்றது. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு காதுகளை மாற்றி நட்ட கல்லூரி.

படிப்பு என்றால் வெள்ளைக் கோட்டும் மின்னுகிற கருவிகளும் என்று நினைத்திருந்தாள். முதல் ஆண்டு முழுக்க அவள் பார்த்தது காதுக் குறும்பி. தேன் நிறத்தில், தார் நிறத்தில், ஒருமுறை செத்த எறும்போடு. நாளுக்கு நாற்பது பேர் வியர்வை ஊறிய ஹெட்போன் பஞ்சைத் துடைத்துத் துடைத்து, ஸ்பிரிட் நாற்றம் சோற்றிலும் வந்தது. அதையெல்லாம் அவள் அருவருக்கவில்லை. உடம்பு என்றால் அழுக்கு இருக்கும். அவள் அருவருத்தது வேறு ஓர் ஆளை.

துறைத் தலைவரும் அவளுடைய ஆய்வு வழிகாட்டியுமான டாக்டர் குலோத்துங்கனுக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டு காதும் மந்தமாகிப்போய், அவள் சேர்வதற்கு முந்தின தீபாவளிக்கு வலது காதில் அவரும் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். சிப்பந்தி சலுகை என்று ஊழியர்கள் கிசுகிசுத்தார்கள். அவள் சேர்ந்த புதிதில் வகுப்பு நடுவே கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கி, ஜன்னலோரம் கொசு ரீங்கரிப்பது தமக்குக் கேட்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடி ரசித்திருக்கிறார். இருபது வயசுக் காதும்மா இது, என்பார், வாடகை வீட்டில் நல்ல பால்கனி கிடைத்தவரைப்போல. பேனா மூடியால் அந்தக் காதைச் சுகமாகக் குடைந்துகொண்டே, அதே பேனாவை மாணவர்களிடம் கையெழுத்துக்கு நீட்டுவார். எதிரே நிற்பவர்கள் குனிந்தோ பக்கவாட்டில் திரும்பியோ பேசினால் பிடிக்காது. "முகத்தைக் காட்டிப் பேசும்மா, மரியாதை தெரியாது?" என்பார்.

ஆய்வுக்குத் தலைப்பும் அவரே கொடுத்தார். 'செவிக்கொடை அளித்தோரின் மறுகாது: ஓராண்டுக்குப் பின்னும் மாறாத இயல்புநிலை.' கேள்விக்குறி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தது. நாற்பது கொடையாளர்களை நாலாம் அறையில் சோதித்து, நாற்பதும் இயல்பு என்று எழுதிக் கட்டிக் கொடுத்தால் பட்டம்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒலி புகாத சிறு அறை, அதற்குள் ஒரு நாற்காலி, தலையில் ஹெட்போன். கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் கருவியோடு சோதிப்பவர். பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு 'பீப்'. கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியாகக் கேட்ட அளவைக் குறித்தால் அதுதான் அந்தக் காதின் கணக்கு. பத்து டெசிபல் என்றால் பளிங்கு. எழுபது என்றால் பக்கத்தில் பட்டாசு வெடிக்க வேண்டும். ஒரே ஒரு விதி: சோதிக்கப்படுகிறவர் சோதிப்பவரின் கையைப் பார்க்கக் கூடாது. அதனால் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுவார்கள். பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயமே அதுதான்.

நாலாம் அறையில் மட்டும் நாற்காலி கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்திருந்தது, தரையோடு போல்ட் போட்டு. ஏன் என்று முதல் நாளே கேட்டாள். வருகிறவர்களுக்கு நம் முகம் தெரிந்தால் தைரியமாக இருக்கும் என்றார் பேராசிரியர். சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள். மண்டிக்காரர் மகள் அப்படி விட்டதற்காகப் பிறகு தன்னைத்தானே பலமுறை ஏசிக்கொண்டாள்.

பன்னிரண்டாவதாக வந்தவன் டில்லிபாபு. வியாசர்பாடியில் இருசக்கர வண்டி மெக்கானிக், இருபத்தொன்பது வயது. அவளுக்கு அவனை நினைவிருந்தது. போன ஆண்டு அறுவைக்கு முன் அவனைச் சோதித்தவளும் அவள்தான். வாசலில் அவள் ஸ்கூட்டரை நிறுத்திய சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, வண்டியைப் பார்க்காமலே, உள்ளே வால்வு தட்டுகிறது, இப்போதே பாருங்கள், பிறகு செலவு வைக்கும் என்று சொன்னவன். அவன் சொன்னதுபோலவே இருந்தது. சொந்தமாக ஷெட் போடத்தான் இடது காதை விற்றான்.

அன்று வழக்கம்போல ஹெட்போனைத் துடைத்து மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்க அமுக்க விரல் எழுந்தது. நாற்பதில், இருபதில், பத்தில். வலது காது எல்லாச் சுருதியிலும் பத்து டெசிபல். இத்தனை சுத்தமான கணக்கை அவள் பார்த்ததில்லை. 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தபோது, மேஜை ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. ஹெட்போன் ஒயரின் முனை. துடைப்பதற்காகப் பிடுங்கியவள், திரும்பச் சொருக மறந்திருந்தாள்.

பத்து நிமிஷமாக அவன் தலையில் இருந்தது எதோடும் சேராத இரண்டு பஞ்சுருண்டை.

கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒயரின் முனையை அவன் முன் பிடித்துக் காட்டினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மண்டியில் எடைக்கல்லின் அடியில் மெழுகு ஒட்டியது பிடிபட்டவன் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான்.

"ஒயரு எங்க போவுதுன்னு யாரு மேடம் பாத்தா? நான் உங்க தோளத்தான் பாத்துனு இருந்தேன்."

"தோளா?"

"பட்டன அமுக்கசொல்ல வலது தோளு ஒரு நூல் ஏறும். உங்களுக்கே தெரியாது. கண்ணாடி போட்ட சாரு மூச்ச இழுத்துப் புடிப்பாரு. ஒல்லியா ஒரு அம்மா இருக்காங்களே, அவங்களுக்குக் கண்ணு இமைக்கும்."

எதிர்ச்சாரி டீக்கடையில் இதற்கு டியூஷன் நடக்கிறதாம். ஏற்கெனவே மூன்று லட்சம் வாங்கிய பழைய ஆட்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பெஞ்சில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தலைக்கு இருநூறு ரூபாய், டீயும் சேர்த்து. எந்தக் கிழமை எந்த மாணவர் பணியில் இருப்பார் என்ற பட்டியல்கூட உண்டு.

எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்றாள் அவள்.

"ஆறாம் மாசத்துலேர்ந்து. மொதல்ல சில்லற உழுற சத்தம் போச்சு. அப்பால ஹாரன் எந்தப் பக்கம்னு தெரில. இப்ப எம் பொண்டாட்டி திட்றதுகூட வாயப் பாத்தாத்தான் வெளங்குது. இந்த வியாபாரத்துல அது ஒண்ணுதான் மேடம் லாபம்." சொல்லிவிட்டு, அவள் உதட்டையே பார்த்தான். "எழுதிடாதீங்க. ஷெட்டுக்கு அட்வான்ஸ் குட்த்துட்டேன். வண்டியோட கொரலே கேக்கல, கையி வெச்சு நடுக்கத்தப் பாத்துத்தான் ரிப்பேரு சொல்றேன். அந்த மூணும் வர்லன்னா நான் காலி."

அவள் கையெழுத்துப் போடாமல், வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பினாள். ஒருவேளை இவன் ஒருவன்தானோ என்ற சபலம் அவளுக்கு இருந்தது. அடுத்து வந்த மூவருக்கு ஒயரை வேண்டுமென்றே பிடுங்கி வைத்துச் சோதித்தாள். மூவருக்கும் பளிங்குக் காது.

பேராசிரியரிடம் போனாள். பால்கோவாவை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் நேராக முகம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு காதைத் திறந்து அள்ளும்போது, அதுவரை மூடிக்கிடந்த சரக்கை உடம்பின் எதிர்ப்புசக்தி முதல்முறை பார்க்கிறது. அந்நியன் என்று எண்ணி, இன்னொரு காதுக்குள்ளும் போய் அதே முகச்சாடையைத் தேடித் தேடி அடிக்கிறது. இப்படி ஆகலாம் என்று பழைய கட்டுரைகளிலேயே இருக்கிறது என்றாள். அவர் மறுக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை.

"ஒருத்தராவது வந்து எனக்குக் கேக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்றார். "ஒரே ஒருத்தர்? எல்லாரும் கேக்குதுன்னு விரலத் தூக்கிட்டு, சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க. கேக்குதுங்கிறவன்கிட்ட, இல்ல உனக்குக் கேக்கலன்னு சண்டை போட நீ யாரும்மா? படிக்க வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா?"

மே மாதம் ஆய்வேடு வராவிட்டால் அடுத்த ஆண்டும் கட்டணம் கட்டி இங்கேயே குறும்பி எடுக்கலாம் என்று சிரித்தார். பேனா மூடியைக் காதில் விட்டுக் குடைந்தார். பிறகு, டில்லிபாபுவின் தாளில் அவள் கையெழுத்துப் போடுவதற்காக அந்தப் பேனாவை நீட்டினார்.

தன் பேனா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் கணக்கு முழுசாகப் புரிந்தது. எத்தனையோ மோசடியை மண்டியில் பார்த்திருக்கிறாள். ஈரச்சாக்கு, கல் கலந்த வற்றல், இரண்டு தராசு. ஆனால் நட்டப்பட்டவனே தன் நட்டத்தை மறைக்க, காசு கொடுத்து டியூஷன் படிக்கிற ஏற்பாட்டைப் பார்த்ததில்லை. காதின் விலை ஒன்பது லட்சம் இல்லை. காதுக்கு ஆறுதான். மீதி மூன்றும் வாய்க்கு. நாற்காலிக்குப் போட்ட போல்ட்டு, வாய்க்குப் போட்ட பூட்டு. அவள் எழுந்தாள். வராண்டாவின் கோடியில் போய் முகம் கழுவினாள். குனிந்தபோது நாலாம் அறையின் சாவி கழுத்துப் பட்டியில் தொங்கித் தண்ணீரில் நனைந்தது.

உண்மையை எழுதினால் டில்லிபாபுவின் ஷெட் போகும், நாளைக்கே வேறொரு மாணவர் அந்த அறையில் உட்காருவார், அவர் தோளுக்கும் டியூஷன் ஆரம்பமாகும். பொய்யை எழுதினால் பட்டம். நியாயவான் என்றால் இதில் ஒன்றைத் தேர்ந்துவிட்டுத் தூங்கியிருப்பார். அவள் வியாபாரி மகள். இரண்டு பக்கமும் நட்டம் என்று காட்டுகிற சீட்டில் மூன்றாவது பக்கத்தைத் தேடினாள். ஒப்பந்தத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பதினேழாவது விதியில் கிடைத்தது. பதிவெண் உள்ள செவித்திறன் நிபுணரின் கையொப்பமே இறுதி. அதன்பின் இரு தரப்பும் தொகை குறித்து எக்கேள்வியும் எழுப்ப இயலாது. கொடையாளர் திரும்பி வந்து வழக்குப் போடாமலிருக்கக் கல்லூரி எழுதிய விதி. எடை போட்டு இறக்கிய சரக்குக்குத் திரும்பல் இல்லை. இறக்கியவனுக்கும் அது பொருந்தும், வாங்கியவனுக்கும் பொருந்தும்.

மறுவாரம் டில்லிபாபுவை வரவழைத்தாள். ஒயரைச் சொருகி, தோளைத் தாராளமாக ஏற்றி இறக்கிச் சோதித்தாள். பத்து டெசிபல், இயல்பு, கையெழுத்து. கால் மணி நேரத்தில் பணம் வந்த செய்தி அவன் கைபேசியில் நடுங்கியது. அவன் கும்பிட்டான். அவள் கதவைத் தாழிட்டாள்.

பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அப்பாவின் ஈரிழைத் துண்டு, எத்தனை துவைத்தும் வற்றல் நெடி போகாதது. மண்டியில் பெரிய பேரம் என்றால் வாயால் விலை சொல்ல மாட்டார்கள். இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள், சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல். அந்தத் துண்டைக் கண்ணாடிச் சன்னல்மேல் தொங்கவிட்டாள்.

"இது உங்களுக்காக. இந்தத் தாளுக்குக் காசு கிடையாது, போகவும் போகாது. சத்தம் கேட்டா 'ம்'னு மட்டும் சொல்லுங்க, எனக்கு மைக்ல கேக்கும்" என்று முகம் பார்த்துச் சொன்னாள்.

பணம் வந்த செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தான். பிறகு, சரி மேடம், என்னதான் மிச்சம்னு நானும் தெரிஞ்சுக்கறேன், என்று உள்ளே போய் உட்கார்ந்தான்.

நாலாயிரம் ஹெர்ட்ஸில் தொடங்கினாள். வால்வு தட்டுவதும் சில்லறை விழுவதும் குழந்தை சிணுங்குவதும் அந்த வட்டாரத்துச் சத்தங்கள். நாற்பது. ஐம்பது. துண்டு அசையவில்லை. எழுபது. எண்பது. ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் மைக்கில் ஏறி அவளுக்கே கூசியது. தொண்ணூறு. அதற்கு மேல் கருவியில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போது மைக்கில் அவன் குரல் கேட்டது.

"இன்னும் ஆரம்பிக்கலியா மேடம்?"

அவள் கொஞ்ச நேரம் பொத்தான்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. தோள் ஏறியே இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். முன்பு பார்த்த பதினொரு பேரையும் மறுபடி அழைத்தாள். ஒவ்வொருவருக்கும் முதலில் காசு, பிறகு துண்டு. மொத்தம் நாற்பதில் ஒன்பது பேர் மறுத்தார்கள். ஓர் அம்மாள், வந்த லட்சுமியைச் சந்தேகப்படாதே என்று அவளைத் திட்டிவிட்டுப் போனாள். முப்பத்தொரு பேர் உட்கார்ந்தார்கள்.

ஆய்வேட்டைக் கட்டும்போது வற்றல் மூட்டையை நினைத்துக்கொண்டே கட்டினாள். மூட்டையின் வாயில் செக்கச்செவேலென்று நல்ல வற்றல், அடியில் பூஞ்சை பூத்தது. உலகம் முழுக்க மூட்டை அப்படித்தான் கட்டப்படுகிறது. குத்தூசியை நடுவில் குத்தி எடுத்துப் பார்க்காதவன் வாயைப் பார்த்து ஏமாறுவான். அவர் கொடுத்த தலைப்பு மாறாமல் அட்டையில் இருந்தது. முதல் நூறு பக்கம் நாற்பது பளிங்குக் காதுகள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து துண்டுக்கு அந்தப் பக்கம். கடைசிப் பக்கத்தில், மேற்கண்ட நாற்பது சான்றுகளும் நம்பத்தகாதவை, பன்னிரண்டாவதிலிருந்து தெரிந்தே நான் கையெழுத்திட்டவை, என்று பதிவெண்ணோடு ஒரு வரி. பட்டம் கிடைக்காது, பதிவும் போகும். அந்த நட்டத்தைத் தன் பக்கமே எழுதிக்கொண்டாள்.

குலோத்துங்கன் வாயைப் பார்த்தார். மேலோட்டமாக நாலு பக்கம் புரட்டினார். அருமை என்று கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்குத் திருநெல்வேலியிலிருந்து டாக்டர் பிலோமினா என்ற அம்மையார் வந்திருந்தார். பெருத்த உடம்பு, சிக்கனமான பேச்சு. கருத்தரங்க அறையின் பின்பக்க மேஜையில் ஆய்வேட்டோடு அமர்ந்தார். குலோத்துங்கன் முன்வரிசையில், அவருக்கு முதுகு காட்டி, மேடையில் நின்ற சுடர்க்கொடியைப் பார்த்தபடி சமோசாத் தட்டோடு உட்கார்ந்தார். இருபது மாணவர்கள் இருந்தார்கள்.

அம்மையார் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. கட்டை விரலை நடுவில் விட்டுப் பிளந்தார். குத்தூசி போடத் தெரிந்தவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். மறுசோதனை செய்தோர் முப்பத்தொன்று. மறுகாது பழுதானோர் முப்பத்தொன்று. நாலாம் அறை நாற்காலி கண்ணாடியை நோக்கிப் பொருத்தப்பட்டிருப்பதே இது வெளிவராததற்குக் காரணம். இதைத் துறைத் தலைவரிடம் தெரிவித்தேன். இப்படித்தான எழுதியிருக்க?"

டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். சுடர்க்கொடி பேராசிரியரைப் பார்த்தாள். எழுந்து கத்துவார், ஆய்வேட்டைப் பிடுங்குவார் என்று மூன்று மாதமாக இந்த நொடிக்குப் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சமோசாவின் தூள் உதட்டில் ஒட்டியிருக்க, பெருமையோடு, அவள் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைக் காட்டிப் பேசு. கொசுவைப் பற்றி அவர் பேசி எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப்பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அறுபது லட்சத்துச் சரக்கு சொத்தையென்று எந்தப் பெரிய மனிதர் கடைத்தெருவில் ஒப்புக்கொள்வார்? விற்றவன் வாய்க்குத்தான் மூன்று லட்சம் செலவு. வாங்கியவன் வாயை அவன் மானமே இலவசமாகப் பூட்டிவிடும்.

சோதிக்காமல் எழுதக் கூடாது. அவள் ஒன்றும் பேசவில்லை. உதட்டை அசைக்கவில்லை. வலது தோளை மட்டும் ஒரு நூல் ஏற்றி இறக்கினாள்.

"எஸ், எஸ்," என்று தலையாட்டினார் குலோத்துங்கன். "கரெக்ட்."

பின்மேஜையில் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். சுடர்க்கொடி கீழே இறங்கி வந்து, ஆய்வேட்டை அவர் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் தன் சொந்தப் பேனாவால் எழுதினாள்.

கொடுத்தவர் நாற்பது. துண்டு போட்டுப் பார்த்தது முப்பத்தொன்று. கெட்டது முப்பத்தொன்று. பாக்கி ஒன்பது.

வாங்கியவர் இருநூற்றுப் பன்னிரண்டு. பார்த்தது ஒன்று. கெட்டது ஒன்று. பாக்கி இருநூற்றுப் பதினொன்று.